மூச்சுக்கு ஊதிய சங்கு

கண்டக்டர் முத்தரசுவின் குரலைப் பற்றிக் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு பேச்சு உண்டு. அவர் ஒரு மூலையில் நின்று, "கல்லல், கல்லல், சிவகங்கை!" என்று கூப்பிட்டால், எதிர்மூலையில் மதுரை வண்டியில் ஏறி உட்கார்ந்தவர்கூட, தான் போக வேண்டியது கல்லலுக்குத்தானோ என்று சந்தேகப்பட்டு இறங்கப் பார்ப்பாராம். பாதி பொய்யாக இருக்கலாம். முத்தரசு அதை முழுசாக நம்பினார். கூட்டம் பிதுங்கும் வண்டியில் பின்படிக்கட்டில் நின்றபடி, "உள்ள தள்ளிப் போங்கப்பா" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால், பயணிகளோடு சேர்ந்து டிரைவரும் கொஞ்சம் தள்ளி உட்காருவார்.

அந்தக் குரலைத்தான் கொரோனா கொண்டு போனது.

இரண்டாவது அலையில், ஊரெல்லாம் ஆம்புலன்ஸ் சத்தமாக இருந்தபோது, முத்தரசுவுக்கும் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துக் குப்புறப் படுக்கப் போட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில்கள் காலியானதைத் தலையைத் திருப்பாமலே தெரிந்துகொண்டார். அதைப் பற்றி வீட்டில் யாரிடமும் அவர் பேசியதில்லை. ஒரு வழியாகக் கண்டம் தப்பி, செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் தன் வீட்டுக்கு ஆட்டோவில் வந்து சேர்ந்தார். வாசல் வந்ததும், "நிப்பாட்டுப்பா" என்றார். ஆட்டோ நிற்கவில்லை. அவர் சொன்னது அவருக்கே கேட்கவில்லை. நாலைந்து வீடு தாண்டிப் போன பிறகு, மனைவி தேவிகா போட்ட கூச்சலில்தான் வண்டி நின்றது.

எத்தனையோ ஆயிரம் பேரை விசில் ஊதி இறக்கிவிட்ட மனிதர், தன் வீட்டு வாசலில் தானே இறங்க முடியாமல் போனது அவரை என்னவோ செய்துவிட்டது.

டாக்டர் ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து அனுப்பியிருந்தார். மூன்று அறைகள், அறைக்கு ஒரு பந்து. குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் பந்துகள் மேலே எழும்ப வேண்டும். முத்தரசு அதை வாயில் வைத்து ஊதினார். பந்து அசையவில்லை. இன்னும் ஊதினார். கண் பிதுங்கியதுதான் மிச்சம்.

"சாமான் சரியில்ல" என்றார், காற்றுப் போன குரலில்.

மகள் சத்தியப்பிரியா, கல்லூரிப் பாடத்தைச் செல்போனில் கேட்டுக்கொண்டிருந்தவள், எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்பா, ஊதக் கூடாதுப்பா. இழுக்கணும். ஸ்ட்ரா வச்சு இளநி குடிப்பீகல்ல, அப்பிடி."

இழுத்தார். ஒரு பந்து மட்டும் பாதி உயரத்துக்கு எழும்பி, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. மற்ற இரண்டும், பாஸ் வைத்திருக்கும் பயணிகள் மாதிரி, இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. நாலு நாள் போராடிவிட்டு அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். மகள் எடுத்து மேலே வைப்பாள். அவர் மறுபடி தள்ளுவார்.

இந்த நிலவரத்தில்தான் மாயக்கண்ணன் வந்தான்.

மாயக்கண்ணன் தேவிகாவின் தம்பி. கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் கழித்துப் போடும் பழைய சாமான்களை வாங்கிவந்து காரைக்குடியில் கடை வைத்து விற்பவன். மேசைக்கு ஒரு கால் இல்லாவிட்டாலும், "அந்தக் காலத்துல இப்பிடித்தான் செஞ்சாக" என்று சொல்லி விற்றுவிடுவான். முகத்தில் இரண்டு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, நடைவாசலிலேயே நின்று, ஒரு துணிப்பையை உள்ளே நீட்டினான்.

"மச்சான், இந்தாங்க, உங்களுக்கு மருந்து கொண்டாந்திருக்கேன்."

சத்தியப்பிரியா பையைத் திறந்தாள். உள்ளே இரண்டு கை கொள்ளும் பெரிய வெண்சங்கு ஒன்று இருந்தது.

தேவிகா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "அடேய், கூறு கெட்டவனே! இப்பத்தான் சாமி கண்ணத் தொறந்து மனுசன உசுரோட அனுப்பியிருக்கு. நீ வீட்டுக்குள்ள சங்கக் கொண்டாந்து நீட்டுற!"

"அக்கா, அக்கா, எளவுக்கு ஊதுறது வேற. இது மூச்சுப் பயிற்சி. போன வருசம் நான் கொரோனா வந்து இளைச்சுப் போய்க் கெடந்தேன்ல? இத ஊதித்தான் எந்திரிச்சேன்."

"நீ ஊதி நான் பாக்கலயே."

"கடையில வச்சு ஊதுனேன்க்கா."

முத்தரசு கையை நீட்டி, ஊதிக் காட்டு என்று சைகை செய்தார். மாயக்கண்ணன் இரண்டு மாஸ்க்கையும் தொட்டுக் காட்டினான்.

"ஊதிருவேன் மச்சான். ஆனா நான் எச்சி பண்ணி உங்க கையில குடுக்கலாமா? காலம் அப்பிடியா இருக்கு? முறைய மட்டும் சொல்றேன், கேளுங்க. காத்தச் சும்மா உள்ள விடக் கூடாது. உதட்ட இறுக்கி வச்சுக்கிட்டு, சின்னப் பிள்ளைக பிர்ர்ருன்னு பஸ் ஓட்டும்ல, அப்பிடி விடணும். அடிவயித்துல இருந்து வரணும். நுரையீரல் எல்லாம் சும்மா பலூன் மாதிரி விரிஞ்சு குடுக்கும்."

"டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறலாமே" என்றாள் சத்தியப்பிரியா.

"ஏம்மா, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, எங்கப்பாவுக்குச் சங்கு ஊதலாமான்னு கேப்பியா? அவுக என்ன நெனைப்பாக?"

அதோடு அவள் விடவில்லை. பந்துக் கருவியையும் ஒழுங்காக இழுக்க வேண்டும், தலை சுற்றினால் உடனே நிறுத்த வேண்டும், விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் மீட்டர் சொல்கிறபடி கேட்க வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். தேவிகாவின் நிபந்தனை வேறு.

"வீட்டுக்குள்ள ஊதப்பிடாது. மொட்ட மாடியில போய் ஊதுங்க. சத்தம் வராம ஊதுங்க."

அந்த நிபந்தனையை நிறைவேற்றுவதில் முத்தரசுவுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. சத்தமே வரவில்லை. சங்கை உப்புத் தண்ணீரிலும் சோப்புத் தண்ணீரிலும் அலசித் துடைத்து, காலை வெயில் ஏறும் முன் மாடிக்குப் போய், கிழக்கே பார்த்து நின்று, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊதினார். புஸ் என்றது. ஆட்டோ டயரில் காற்றுப் பிடுங்கிய மாதிரி. மறுபடி ஊதினார். அதே புஸ். தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்திருந்த காகம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, பறக்கவேண்டிய அவசியமில்லை என்று முடிவுசெய்தது.

பந்துக் கருவியிடம் தோற்றது அவருக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. அது ஆஸ்பத்திரிச் சாமான். சங்கிடம் தோற்பது மானப் பிரச்சினையாகிவிட்டது. தினமும் போனார். இரண்டு ஊதலுக்கு ஒருதரம் உட்கார்ந்தார். உதடு வீங்கியது. ஒருநாள் புஸ் என்பது பர்ர் என்றானது. இன்னொரு நாள், பால் மறக்கடித்த கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு குரல் எழும்பி, பாதியில் உடைந்தது. சந்துக்குள் கட்டியிருந்த பசுமாடு ஒன்று பதிலுக்குக் குரல் கொடுத்தது. முத்தரசுவுக்கு அன்றைக்கெல்லாம் நிலைகொள்ளவில்லை. கீழே வந்து பந்துக் கருவியை இழுத்தார். இரண்டாவது பந்தும் எழுந்தது.

"தேவிகா, மாடு பதில் சொல்லுச்சு" என்றார்.

"ரொம்பப் பெருமைதான்" என்றாள் தேவிகா. ஆனால் அன்றைக்குச் சூப்பில் ஒரு எலும்பு கூடுதலாகக் கிடந்தது.

ஊரடங்கில் கொஞ்சம் தளர்வு விட்டு, டீக்கடைகள் திறந்திருந்த ஒரு காலையில் அது நடந்தது. முத்தரசு வழக்கம்போல மாடியில் நின்று சங்கை உதட்டில் பொருத்தினார். ஒன்றையும் நினைக்காமல் ஊதினார். வந்தது சத்தம். பிசிறில்லாமல், கனமாக, எங்கோ அடியிலிருந்து எழும்பி, சந்தைத் தாண்டி, செக்காலை ரோட்டைத் தாண்டிப் போனது. காகம் பறந்தது. முத்தரசு சங்கை எடுத்துப் பார்த்தார், வேறு யாராவது ஊதினார்களா என்று பார்ப்பதுபோல. மறுபடி ஊதினார். மறுபடி வந்தது. ஆஸ்பத்திரியில் குப்புறக் கிடந்தபோது, அடுத்த மூச்சு வருமா வராதா என்று எண்ணிக்கொண்டிருந்த நெஞ்சு இதுதானா என்று அவருக்குத் தோன்றியது. கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு மூன்றாவது முறையும் நீளமாக ஊதிவிட்டுத்தான் கீழே இறங்கினார்.

சந்தின் முனையில் இருளாண்டியின் டீக்கடை. கல்லல் பக்கத்திலிருந்து டவுனுக்கு வருகிறவர்கள் எல்லாம் அங்கேதான் டீ குடிப்பார்கள். முத்தரசுவுக்கு மோசமான கொரோனா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் இருளாண்டிக்குத் தெரியும், பேச்சு மூச்சில்லாமல் வீட்டோடு கிடப்பதும் தெரியும். அந்த வீட்டுப் பக்கமிருந்து மூன்று முறை சங்குச் சத்தம் வந்ததும், கையிலிருந்த டீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டார்.

"போயிட்டாருப்பா" என்றார்.

டீ வாங்க நின்றிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சும்மா இருக்க மனம் வராமல், இருளாண்டி பூக்கடையில் ஒரு சம்பங்கி மாலையை வாங்கினார். ஆனால் கொரோனா வீடு. உள்ளே போகத் துணிவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு ஓடி, இரும்பு கேட்டின் கம்பியில் மாலையை மாட்டி, ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அதே மூச்சில் திரும்பி ஓடி வந்தார். வந்து, போனை எடுத்துக் கல்லலுக்கு அழைத்தார்.

கல்லலில் இருந்தது முத்தரசுவின் அண்ணன் மலையாண்டி. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று பல வருஷம் ஆயிற்று. காரணம் ஒரு டிக்கெட். மலையாண்டி ஒருநாள் தோளில் வாழைத்தாரோடு தம்பியின் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, "தம்பி வண்டியில எனக்கென்னடா டிக்கெட்டு?" என்று கேட்டார். முத்தரசு டிக்கெட் எடுக்கச் சொன்னார். அண்ணன் மாட்டேன் என்றார். தம்பி விசிலை ஊதி, நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லாத இடத்தில், வாழைத்தாரோடு அண்ணனை இறக்கிவிட்டார். அன்றோடு சரி. பொங்கலுக்கும் பேச்சில்லை, நல்லது கெட்டதுக்கும் பேச்சில்லை. ஆனால் தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம், மலையாண்டி தினம் தவறாமல் இருளாண்டிக்குப் போன் போட்டு, "அங்குட்டு எப்பிடி இருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். பெயரைச் சொல்ல மாட்டார்.

இதெல்லாம் முத்தரசுவுக்குத் தெரியாது. அவர் குளித்து, நல்ல வேட்டி கட்டி, பேப்பர் எடுக்க வாசலுக்கு வந்தார். கேட்டில் மாலை தொங்கியது. புது மாலை. தண்ணீர்கூடக் காயவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"தேவிகா, இங்க வந்து பாரு. டிப்போக்காரங்ககிட்ட இருந்து மால வந்திருக்கு."

"எதுக்கு?"

"எதுக்கா? கண்டம் தப்பி வந்திருக்கேன்ல. உள்ள வரப் பயந்துக்கிட்டு மாட்டிட்டுப் போயிருக்காங்க, பாவம்."

சொல்லிக்கொண்டே மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கூடத்துக் கண்ணாடி முன் நின்றார். இளைத்துப்போன உடம்புக்கு மாலை பெரிசாக இருந்தது. இருந்தாலும் எடுப்பாகத்தான் இருந்தது. ஒரு போட்டோ எடு என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்பக்கக் கதவைத் தட்டிக்கொண்டு அடுத்த வீட்டுத் தேனம்மை ஆச்சி வந்தார். பட்டுச் சேலை, அதற்குப் பொருத்தமாக ஒரு மாஸ்க், கையில் ஒரு தட்டில் சர்க்கரையும் பூவும்.

"ஏ தேவிகா, இது நல்லா இருக்கா? ஒரு வார்த்தை சொல்லாம விசேஷத்த வச்சிருக்கியே! சங்குச் சத்தம் கேட்டுத்தான எனக்கே தெரியுது? பிரியாவுக்கு நிச்சயமா?" என்றவர், கூடத்தில் மாலையும் கழுத்துமாக நின்ற முத்தரசுவைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தார். "அட, அறுபதாங் கல்யாணமா! மாப்பிள்ளை இங்குட்டு நிக்கிறாக, பொண்ணு அடுப்படியில கரண்டியோட நிக்கிது."

ஆச்சி வீட்டில் கல்யாணத்துக்கும் சங்கு ஊதுவார்கள். சங்குச் சத்தம் கேட்டால் அவருக்கு முதலில் நல்லதுதான் நினைவுக்கு வரும்.

"அறுபது இன்னும் ஆகல ஆச்சி" என்று தேவிகா தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு விளக்கம் சொல்லத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள். ஆச்சிக்குச் சங்கு என்றால் கல்யாணம். மற்றவர்களுக்கு? அவள் பார்வை சங்கிலிருந்து மாலைக்குப் போனது. மாலையிலிருந்து கணவன் முகத்துக்குப் போனது.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "இது டிப்போக்காரங்க போட்ட மால இல்லங்க."

அதே நேரத்தில் வாசலில் ஒரு டிவிஎஸ் வண்டி வந்து சாய்கிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து ஓர் ஓலம்.

"ஏ... முத்து! என்னையப் பெத்த ராசா!"

முத்தரசு ஜன்னலுக்கு ஓடினார். திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே மலையாண்டி, தலையில் துண்டு, கையில் ரோஜா மாலை. அவருக்குப் பின்னால் ஓரிரு கஜம் தள்ளி இருளாண்டி. அதற்கும் பின்னால், இடைவெளி விட்டு, சந்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர்.

"நடு ரோட்டுல என்னைய எறக்கி விட்டுட்டுப் போனியேடா! இப்ப நீ பாதியிலயே எறங்கிட்டியேடா!"

"போய்ச் சொல்லுங்க" என்று தேவிகா கணவனைத் தள்ளினாள்.

முத்தரசு நகரவில்லை. கையைக் காட்டி அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னார். அண்ணன் குரலைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது. அதுவும் தன் பெயரைச் சொல்லி. ஆச்சியும் ஒரு நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இவனத் தோள்ல தூக்கிட்டுப் போய்ப் பள்ளிக்கூடத்துல விட்டது நாந்தேன்!" என்று மலையாண்டி சந்துக்காரர்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்.

முத்தரசு தலையாட்டினார். உண்மை.

"நீச்சல் பழக்கிக் குடுத்தது நாந்தேன்!"

கிணற்றில் பிடித்துத் தள்ளிவிட்டதைத்தான் சொல்கிறார். அதையும் முத்தரசு ஒப்புக்கொண்டார்.

"ஆபீசரப் பாத்து இந்த வேலைக்குச் சிபாரிசு பண்ணுனதே நாந்தேன்!"

ஆட்டிக்கொண்டிருந்த தலை நின்றது. "என்ன சொல்றாரு?" என்றார் முத்தரசு. "பரீச்ச எழுதில்ல வேலைக்கு வந்தேன்?"

"அன்னைக்கு அந்த பஸ்ஸுல நான் டிக்கெட்டுக்குக் காச நீட்டுனேன். கேளுங்க சனங்களே, நீட்டுனேன்! இவன் வாங்க மாட்டேன்னுட்டான். வாங்காமயே எறக்கி விட்டுட்டான். போனது போகட்டும். செத்தவனக் கொற சொல்லப்பிடாது."

சந்துக்காரர்கள் உச்சுக் கொட்டினார்கள். இருளாண்டி, "அப்பிடியா விசயம்?" என்று வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

முத்தரசுவுக்கு ரத்தம் தலைக்கேறியது. இத்தனை வருஷ சர்வீஸில் அவர் மேல் ஒரு புகார் கிடையாது. இப்போது செத்த பிறகு ஒன்று வந்து சேர்கிறது. ஜன்னலைத் திறந்து, "பொய்!" என்று கத்தினார். கத்தியதாக அவர் நினைத்தார். தொண்டையிலிருந்து வந்தது ஒரு கரகரப்பும் இருமலும்தான். வெளியே அழுகைச் சத்தத்தில் அது யாருக்கும் எட்டவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். மேசைமேல் சங்கு இருந்தது.

"வேண்டாங்க!" என்று தேவிகா பாய்ந்தாள்.

அதற்குள் ஊதிவிட்டார். மாடியில் ஊதியதெல்லாம் ஒன்றுமில்லை. இது கோபத்தில் ஊதிய ஊதல். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. ஆச்சி காதைப் பொத்திக்கொண்டார்.

வெளியே மலையாண்டி நெஞ்சில் அடித்துக்கொண்டார். "எடுக்கப் போறாகளே! ஐயோ, மொகத்த ஒரு தடவ காட்டிட்டு எடுங்க! இத்தன வருசம் பாக்காத மொகம்யா!" என்று கேட்டைப் பிடித்து உலுக்கினார்.

வாசல் கதவு திறந்தது. மாலையும் கழுத்துமாக, கையில் சங்கோடு, முத்தரசு வெளியே வந்தார்.

பின்னால் நின்றவர்களில் பாதிப் பேர் எப்போது போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு ஜோடி செருப்பு மட்டும் சந்தில் கிடந்தது. இருளாண்டி ஓட நினைத்து, மின்கம்பத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். மலையாண்டி ஓடவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்த கை பிடித்தபடி இருக்க, தம்பியை மேலும் கீழும் பார்த்தார். கால் தரையில் பாவுகிறதா என்று குனிந்தும் பார்த்தார்.

"நீ சாகலையா?"

"இல்லண்ணே."

"அப்பறம் எதுக்குடா சங்கு ஊதுன?"

"மூச்சுக்குண்ணே."

"மூச்சு நின்னாத்தானடா ஊதுவாக! மூச்சு விடுறதுக்கு எவண்டா ஊதுனான்?"

"அது இருக்கட்டும்." முத்தரசு கேட்டின் உள்பக்கம் வந்து நின்றார். "நீ எப்ப எனக்குச் சிபாரிசு பண்ணுன?"

மலையாண்டி தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "டேய், அழுகையில ஒண்ணு ரெண்டு கூடக் கொறையத்தான் வரும். எளவு வீட்டுல வந்து கணக்குக் கேக்குறியா?"

"எளவு வீடா? என் வீடு! எப்ப நீ டிக்கெட்டுக்குக் காசு நீட்டுன? சொல்லு!"

"நீட்டுறதுக்குள்ள நீ விசில் ஊதிட்ட!"

"வாழத்தாரத் தோள்ல வச்சுக்கிட்டு ரெண்டு கையாலயும் அதத்தான பிடிச்சிருந்த? எந்தக் கையால நீட்டுன? மூணாவது கையா?"

"அண்ணன்னு கூடப் பாக்காம அந்த வெயில்ல எறக்கி விட்டியே, அதுக்கு என்ன சொல்ற?"

"செக்கிங்காரங்க பின்னால ஜீப்புல வந்துக்கிட்டிருந்தாங்கண்ணே! அவங்க ஏறியிருந்தா உனக்கு அபராதம், எனக்குச் சஸ்பெண்டு!"

"இதச் சொல்ல வேண்டியதுதான அன்னைக்கே!"

"நீ பேசுனாத்தான சொல்றதுக்கு!"

சத்தம் ஏறிக்கொண்டே போனது. சந்தின் முனை வரை கேட்டது. ஓடிப்போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வாய் பார்த்து நின்றார்கள். சத்தியப்பிரியா அப்பாவின் பின்னால் வந்து, அவர் ஆட்டிப் பேசாமல் சங்கைப் பிடித்திருந்த கையின் விரலில் ஆக்சிஜன் மீட்டரை மாட்டினாள். தொண்ணூற்றேழு. நம்பாமல் கழற்றி மறுபடி மாட்டினாள். அதேதான்.

"அம்மா," என்றாள், "அப்பா சத்தம் போடுறாங்கம்மா."

"அது எப்பவும் போடுறதுதான" என்ற தேவிகா, சொல்லி முடித்த பிறகுதான் புரிந்து, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவள் அழுது யாரும் பார்க்கவில்லை. இப்போது அழுதாள். ஆச்சி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து, கையோடு கொண்டுவந்த சர்க்கரையில் ஒரு சிட்டிகையை அவள் வாயில் போட்டார்.

கேட்டருகே சண்டை ஓய்ந்துவிட்டது. இருவருக்கும் மூச்சு வாங்கியது. மலையாண்டிக்குத்தான் அதிகமாக வாங்கியது.

"தண்ணி குடு" என்றார் மலையாண்டி.

"உள்ள வாங்க அத்தான், சாப்பிட்டுப் போகலாம்" என்றாள் தேவிகா.

"உள்ள வேணாந்தாயி, காலம் சரியில்ல. இங்கனக்குள்ளயே இருக்கேன்."

கேட்டுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டார்கள். உள்ளே, ஆறடி தள்ளி, முத்தரசுவுக்கு ஒன்று. நடுவில் இரும்பு கேட். இலையில் இட்லியும் மல்லிச் சட்னியும் கேட்டைத் தாண்டிப் போயின. மலையாண்டி தலை நிமிராமல் சாப்பிட்டார். மூன்றாவது இட்லியில், இலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"நல்லா எளச்சுப் போயிட்டடா."

"நீயுந்தாண்ணே."

"எனக்கு என்ன, வயசாகுதுல்ல." கையை உதறினார். "அந்த மாலையக் கழட்டித் தொல. அதப் பாத்துக்கிட்டுச் சோத்துல கை வைக்க முடியல."

இரண்டு மாலைகளையும் சந்து மாட்டுக்குப் போட்டார்கள். அது ரோஜாவைத் தின்றுவிட்டுச் சம்பங்கியை ஒதுக்கிவிட்டது. மின்கம்பத்திலிருந்து பிரிந்து வந்த இருளாண்டி, எல்லாருக்கும் தன் கணக்கில் ஒரு டீ போட்டுக் கொடுத்தார். "நான் என்னங்க செய்ய, சத்தம் அப்பிடி அம்சமா இருந்துச்சு" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்ன பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டார். முத்தரசு பந்துக் கருவியைப் பற்றிச் சொன்னார். பிறகு, கொஞ்சம் தயங்கி, சங்கைப் பற்றியும் சொன்னார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"நுரையீரல் தன்னாலயே ஆறிக்கிட்டு வருதுங்க. மருந்து, ஓய்வு, அந்தப் பந்து எல்லாமும் சேர்ந்துதான். சங்கு ஊதுனதும் மூச்சுப் பயிற்சி மாதிரி கொஞ்சம் உதவியிருக்கலாம். ஆனா கொரோனாவுக்கு இதுதான் வைத்தியம்னு ஊர்ல சொல்லிறாதீங்க. அப்புறம் காய்ச்சல்காரங்க இங்க வராம வீட்டுல சங்கு ஊதிக்கிட்டு இருப்பாங்க."

"சொல்ல மாட்டேன்மா" என்றார் முத்தரசு. அவர் சொல்லவில்லை. மாயக்கண்ணன் சொல்லிவிட்டான். அவன் கடை வாசலில் சங்குகளை வரிசையாக அடுக்கி, "நுரையீரல் சங்கு" என்று அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தான். முத்தரசு நேரே போய் அட்டையைக் கிழித்தார். கிழித்த கையோடு, ஒரு சங்கை எடுத்து அவன் கையில் கொடுத்து, மாஸ்க்கை இறக்கச் சொல்லி, "எங்க, இப்ப ஊது" என்றார். மாயக்கண்ணன் ஊதினான். புஸ் என்றது. இன்னொரு தரம் ஊதினான். அதுவும் புஸ்தான்.

"அப்ப நீ ஊதிப் பொழைக்கவே இல்லையாடா?"

"இல்ல மச்சான்" என்றான் மாயக்கண்ணன், தரையைப் பார்த்தபடி. "வாட்ஸப்புல ஒரு வீடியோ வந்துச்சு. நீங்க குரல் இல்லாம உக்காந்திருந்தத அக்கா சொல்லி அழுதுச்சு. எதையாச்சும் கொண்டாந்து குடுக்கணும்போல இருந்துச்சு. என் கடையில வேற என்ன இருக்கு, சொல்லுங்க?"

முத்தரசு அவனுக்குச் சங்கை எப்படி உதட்டில் பொருத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார்.

குரல் முழுசாகத் திரும்பவில்லை. முக்கால்வாசி திரும்பியது. மதுரை வண்டியில் ஏறியவர்கள் இப்போது சந்தேகமில்லாமல் மதுரைக்குப் போனார்கள். முத்தரசு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மலையாண்டி மட்டும் இருளாண்டியிடம் செய்தி கேட்பதை நிறுத்திவிட்டார். இந்த ஊரில் எவன் பேச்சையும் நம்ப முடியாது என்று, தினமும் காலையில் தானே தம்பிக்குப் போன் போட்டார்.

"இருக்கியா?"

"இருக்கேண்ணே."

அதோடு வைத்துவிடுவதில்லை. போர்வெல் மோட்டார் எரிந்துபோனது, ஆடு குட்டி போட்டது, மழை ஏமாற்றியது என்று பேச்சு நீளும். நீண்டு, ஏதாவது ஓரிடத்தில் சண்டையாகும். யாராவது ஒருவர் போனை வைப்பார். மறுநாள் காலையில் மறுபடி வரும்.

ஒருநாள் காலை போன் வரவில்லை. முத்தரசு டூட்டிக்குக் கிளம்பி, காக்கிச் சட்டையும் போட்டாகிவிட்டது. போனை எடுத்துப் பார்த்தார், வைத்தார். செருப்பை மாட்டினார். வாசல் வரை போனவர், திரும்பி வந்து, தானே கல்லலுக்கு அழைத்தார். ஒரே மணியில் அந்தப் பக்கம் போனை எடுத்தார்.

"என்னண்ணே, போனையே காணோம்? உடம்புக்கு ஏதும் செய்யிதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் மலையாண்டி. "நீ கூப்பிடுறியான்னு பாத்தேன்."